ஏழாம் விதியும் என் உயிரும்

புதுத்துறை,
மயிலிட்டி வழி.
11.01.2024

அன்பு மருமகள் நீற்றாவுக்கு,

உன் தாயின் ஒரே தம்பியும் இந்தத் துறையின் மூளையுமாகிய கனிசியஸ் மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், நேரம் தப்பி நித்திரை கொள்கிறோம். நீ அங்கே லண்டன் குளிரில் காதை மூடிக்கொண்டு திரிகிறாய் என்று நம்புகிறேன்.

மாமா ஏன் போனில் கதைக்காமல் கொப்பித் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் உன் மாமி பக்கத்தில் நின்று, பத்தொன்பது படகு இல்லை, பதினொன்று என்று திருத்திக்கொண்டே இருப்பா. எழுதும்போது ஒருவரும் குறுக்கே வர முடியாது. எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டது என் குற்றமில்லை. அதற்கு மேல் என்னைப் படிப்பிக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இருக்கவில்லை.

நேற்று நீ அக்காவுக்குப் போன் எடுத்து அழுதாயாம். உன் அப்பா கடலில் ஒரு மனுசனைச் சாக விட்டுவிட்டு ஓடி வந்தார் என்று அங்கே நம் ஊர் ஆள் ஒருவர் சொன்னாராம். அந்தச் செத்த மனுசன் எமில்ராஜ் இன்று காலையும் என் பெட்டியிலிருந்து இரண்டு பீடி எடுத்துப் பற்றினான். ஆகவே கண்ணைத் துடை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன்.

போன திங்கட்கிழமை வலை இழுக்கப் போன எமில்ராஜ் காலை ஏழு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். எட்டரை ஆகியும் காணவில்லை. வாடைக்காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கம் போனவனின் போனும் வேலை செய்யவில்லை. நேவிக்கு அறிவித்துவிட்டு, எங்கள் மீனவர் சங்கத் தலைவர் சிவசுப்பிரமணியம் அண்ணை சங்கத்து மணியை அடித்தார். ஏழாம் விதி என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

ஏழாம் விதி என்னவென்று உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் உன் அப்பா இப்போது அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார். உன் படிப்பைப் பற்றி அன்று எழுதியிருந்தாயே, சட்டமும் அதிகாரியும் இல்லாத காலத்தில் மனுசர் ஒருவருக்கொருவர் பயந்து, நித்திரையில்லாமல் கிடந்து, பிறகு எல்லோரும் கூடித் தங்கள் சுதந்திரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள் என்று. வெள்ளைக்காரர் அதை மேசையில் இருந்து யோசித்து எழுதினார்கள். நாங்கள் அதைச் செய்தே காட்டினோம்.

இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு இந்தக் கரையை எங்களிடம் திருப்பித் தந்தபோது இங்கே என்ன இருந்தது? பற்றையும் பாம்பும். யாருடைய படகுக்கு எந்த இடம் என்று சொல்ல ஒரு கல்லும் மிஞ்சவில்லை. முந்தி வந்தவன் இழுத்து ஏற்றினான், பிந்தி வந்தவன் கயிற்றை அறுத்தான். என் வலையை யாரோ கிழித்தார்கள். நானும் நியாயத்துக்காக மட்டும் இரண்டு பேருடைய எஞ்சின் பிளக்கைக் கழற்றி வைத்தேன். ஒரு மாதம் எல்லோரும் கத்தியைத் தலைக்கு வைத்துப் படகிலேயே படுத்தோம். ஒருநாள், மடுவம் என்கிற இடிந்த ஐஸ் கொட்டகைக்குள் கூடி, பதினொரு விதி எழுதினோம். நான் சொல்லச் சொல்லத் தலைவர் எழுதினார். (அவர் எழுத எழுத நான் சொன்னேன் என்று உன் மாமி சொல்லுவா.) நாற்பத்து மூன்று பேர் ஒப்பம் வைத்தோம். நான் இங்கிலீசில் வைத்தேன்.

ஏழாவது இதுதான். ஒரு படகு வராவிட்டால் துறையிலுள்ள எல்லாப் படகும் தேடிப் போக வேண்டும். தலைவர் போதும் என்று அறிவிக்க முன்னம் எந்தப் படகு திரும்புகிறதோ, அந்தப் படகுக்காரர் துறையில் தன் இடத்தை இழப்பார்.

எல்லாப் படகும் போயின. உன் அப்பாவின் படகில் வழக்கம்போல அவர் எஞ்சின் பிடித்தார், நான் முன்னுக்கு நின்று கடல் பார்த்தேன். அலை ஒவ்வொன்றும் மாதா கோயில் கோபுரம். கோபுரத்தின் மேல் நிற்கிற சிலுவையையும் சேர்த்துக்கொள். அரை மணித்தியாலம் ஓடியிருப்போம், உன் அப்பா படகைத் திருப்பினார். எஞ்சின் இருமியது மாதிரியும் இருந்தது. நீரோட்டமும் ஒரு மாதிரி. நான் நெஞ்சை நிமிர்த்தி, விடு மச்சான், முன்னுக்குப் போவோம் என்று சொன்னேன். அந்தக் காற்றில் அவருக்குக் கேட்டிருக்காது.

கரையில் பெண்டுகள் ஓடி வந்து ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டார்கள். உன் அப்பா வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. ஆகவே நான்தான் கதைக்க வேண்டியிருந்தது.

மற்றப் படகுகள் பின்னேரம் இரண்டு மணிவரை தேடின. இரண்டேகாலுக்கு வல்வெட்டித்துறையிலிருந்து அழைப்பு வந்தது. எஞ்சின் நின்று, ஆறு மணித்தியாலம் மிதந்து, அங்கே கரை ஒதுங்கிய எமில்ராஜ் தன் பெரியம்மா வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஓட்டோவில் வந்து இறங்கினான்.

சந்தோசத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் எமில்ராஜின் மச்சான் சயந்தன், தன் தங்கை அரை நாள் விதவையாக இருந்ததை மறக்க மாட்டேன் என்று நிற்கிறான். தலைவர் உன் அப்பாவின் இடத்தை மறித்துக் கயிறு கட்டிவிட்டார். வருகிற 21ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். கூட்டம் சரியென்றால் அந்த இடம் போனதுதான். ஐம்பத்தெட்டு வயதில் ஓடி வந்தவன் என்ற பெயரோடு போனால் வேறெந்தத் துறையும் சேர்க்காது. உன் அப்பா விடிய எழும்பித் துறைக்குப் போய், எல்லாப் படகும் இறங்கும் வரை பார்த்து நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கிழியாத வலையைத் தைக்கிறார். எனக்குத் தண்டனை இல்லை, விதி படகுக்காரருக்கு மட்டும்தான். மூன்று படகுக்காரர் என்னைத் தங்களோடு தொழிலுக்குக் கூப்பிட்டார்கள். வயிற்றுக்குள் ஒரு மாதிரி என்று சொல்லிவிட்டு நிற்கிறேன்.

ஆகவே, பிள்ளை, உன் படிப்பை இப்போது இந்தப் பக்கம் அனுப்பு. எதை விட்டுக்கொடுத்தாலும் தன் உயிரைக் காக்கிற உரிமையை ஒருவனும் விட்டுக்கொடுக்க முடியாது என்று நீ எழுதியிருந்தாயே, அதை விரிவாக, நல்ல தமிழில் எழுது. கூட்டத்தில் நான் எழும்பினால் மடுவத்தின் மிச்சச் சுவரும் விழும்.

மாதா உன்னைக் குளிரிலிருந்தும் அரைகுறைச் செய்தியிலிருந்தும் காக்கட்டும்.

உன் அன்பு மாமா,
கனிசியஸ்


புதுத்துறை,
16.01.2024

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று பக்கமும் வந்தது. கண்ணாடி போட்டு மூன்று தரம் படித்தேன். முழுவதும் விளங்கியது. விளங்காத இடங்களில் உன் நோக்கம் விளங்கியது.

நல்ல பலமான நியாயம், பிள்ளை. உயிரைக் காப்பதற்காகத்தான் ஒப்பந்தமே எழுதினோம், அந்த ஒப்பந்தம் உயிரையே கேட்டால் அதற்குக் கட்டுப்படத் தேவையில்லை. சண்டைக்குப் போனவன் பயத்தில் ஓடினால் அவனைக் கோழை என்று சொல்லலாம், அநியாயக்காரன் என்று சொல்ல முடியாது. இதை நான் பாடமாக்கிவிட்டேன். குளிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். படகில் அன்றைக்குப் பயந்தது யார் என்று. அப்பா பயத்தில் திரும்பினார் என்று உனக்கு நம்ப முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய்.

நல்ல கேள்வி. படித்த பிள்ளையின் கேள்வி. இப்போது பொங்கல் வேலை அதிகம், பேனையிலும் மை குறைகிறது.

நேற்றுக் கோயிலில் பொங்கினோம். உன் அப்பா எனக்கென்று ஒரு கிண்ணத்தில் பொங்கல் கொண்டுவந்து தந்தார், முந்திரிக்கஜு கூடுதலாகப் போட்டு. நான் சாப்பிட்டு முடியுமட்டும் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடவுள் உன்னோடு இருக்கட்டும். எனக்காகவும் கொஞ்சம் மன்றாடு.

மாமா


புதுத்துறை,
25.01.2024

என் அருமை மருமகள் நீற்றாவுக்கு,

சந்தோசச் செய்தியோடு வருகிறேன். ஆனால் அதை நீ என் ஒழுங்கில்தான் கேட்க வேண்டும், கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கக் கூடாது.

கூட்டத்துக்கு நான் என் கலியாணத்துச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். பொத்தான் மூன்று பூட்டவில்லை, ஆனாலும் தோற்றம் இருந்தது. மடுவத்துக்குள் இருநூறு பேர். (சரி, எழுபது.) பெண்டுகள் ஒரு பக்கம், உன் அம்மா செபமாலையோடு. உன் அப்பா முன் வரிசையில் கதிரையின் நுனியில் இருந்தார்.

நான் எழும்பி, பல்கலைக்கழகத்தில் பேசுகிற மாதிரிப் பேசினேன். பயந்து கிடந்த காலம், ஒப்பந்தம், விட்டுக்கொடுத்த சுதந்திரம், விட்டுக்கொடுக்க முடியாத உயிர், எல்லாம் வரிசையாக வந்தன. உன் மூன்று பக்கத்தை நான் இருபது நிமிசமாக வளர்த்தேன். பின்னுக்கு இருந்த ஒருவர், இதை யோசித்த வெள்ளைக்காரனுக்குச் சொந்தமாகப் படகு இருந்ததோ என்று கேட்டார். அதற்குப் பதில் நீ எழுதி அனுப்பவில்லை.

பிறகு சயந்தன் எழும்பினான். கத்துவான் என்று நினைத்தேன், மெதுவாகத்தான் கேட்டான். "எல்லாரும் தங்கடை உயிரைப் பாத்துத் திரும்பினா, நாளைக்கு உங்களைத் தேடி ஆர் வருவினம், கனிசியஸ் அண்ணை?"

எமில்ராஜும் எழும்பினான். உன் அப்பாமேல் தனக்குக் கோபம் இல்லையாம். ஆனால் அந்த ஆறு மணித்தியாலமும் ஏழாம் விதி இருக்கிறது, ஒரு படகும் விடாமல் வரும் என்று எண்ணித்தான் கையை விடாமல் படகின் பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தானாம். பிள்ளை, எனக்கு அந்த இடத்தில் உன் மூன்று பக்கமும் மறந்துபோயிற்று.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கனிசியஸ் சொன்ன நியாயத்தைத் தான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். பயந்தவனைக் கடலுக்குள் பிடித்துத் தள்ள எந்த விதிக்கும் உரிமை இல்லையாம். நான் கொலரை இழுத்துவிட்டேன். அப்போதுதான் அவர் உன் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"உந்த நியாயம் பயந்தவனுக்கு. மரியநாயகம் பயந்தவனோ?"

ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சுனாமி வந்து கடல் ஊருக்குள் புகுந்த அன்று, நாங்கள் பருத்தித்துறையில் இடம்பெயர்ந்து இருந்த காலம், மற்றவர்கள் தெருப்பக்கம் ஓட, உன் அப்பா தண்ணீர்ப் பக்கம் ஓடி இரண்டு பிள்ளைகளைத் தூக்கி வந்தவர். அதைக் கண்டவர்களில் பாதிப்பேர் அந்த மடுவத்துக்குள் இருந்தார்கள். தலைவர் சொன்னார், பயமில்லாமல் திரும்பியவன் உயிருக்காகத் திரும்பவில்லை, கொடுத்த சொல்லைத்தான் முறித்தான் என்று. இருபது நிமிசம் பேசி உன் அப்பாவைக் கரையேற்ற வந்த நான், அவர் காலில் கல்லைக் கட்டிவிட்டேன்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்கிற மாதிரி.

அவர் வேண்டாம் என்று சொல்லியிராவிட்டால் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கதிரையில் இருக்கத்தான் போனேன். கால் மடங்கவில்லை.

"பயந்தது நான்தான். மச்சான் இல்லை," என்றேன்.

உனக்கும் இப்போது சரியாகச் சொல்லிவிடுகிறேன். அலை கோபுரம் அளவு இல்லை, ஆனால் பெரிது. மூன்றாவது அலை படகைத் தூக்கி அடித்தபோது நான் முன்னுக்கு நிற்கவில்லை, படகின் அடியில் தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தேன். கையாலும் காலாலும் ஊர்ந்துபோய் உன் அப்பாவின் காலைக் கட்டிப் பிடித்தேன். எனக்குச் சாக ஏலாது மச்சான், திருப்பு என்று அழுதேன். உன் மாமியின் பெயரையும் சொல்லி அழுதேன். (அதைக் கேட்டதிலிருந்து மாமிக்கு என்மேல் ஒரு தனி மரியாதை.) அவர் உடனே திருப்பவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் போனார். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் திருப்பினார். கரையில் இறங்கி ஒரு நிமிசம் ஆகவில்லை, நான் கதை சொல்லத் தொடங்கிவிட்டேன்.

சயந்தன், அப்படியென்றால் ஏன் இரண்டு கிழமையாக வேறு கதை சொன்னீர்கள் என்று கேட்டான். அதுவும் உயிரைக் காக்கிற வேலைதான், கடலில் ஒரு உயிர் என்றால் கரையில் இன்னொரு உயிர் இருக்கிறது என்றேன். இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. முதலில் சிரித்தது உன் மாமி. பிறகு எமில்ராஜ். பிறகு மடுவமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கல் எறிகிற சிரிப்பு இருக்கவில்லை, பிள்ளை, எனக்குக் காது நல்ல கூர்மை.

ஆனால் தலைவர் சிரிக்கவில்லை. அவர் உன் அப்பாவிடம் இன்னொரு கேள்வி கேட்டார். கனிசியஸை இறக்கிவிட்டு நீ தனியே திரும்பிப் போயிருக்கலாமே, ஏன் போகவில்லை என்று. நியாயமான கேள்வி. அதை யோசிக்க எனக்கு இரண்டு கிழமை இருந்தும் நான் யோசிக்கவில்லை.

உன் அப்பா எழும்பினார்.

"இவன் கரையிலை நிண்டு கதைக்கத் தொடங்கீட்டான். நான் திரும்பிப் போனா, திருப்பச் சொன்னது இவன்தான் எண்டு எல்லாருக்கும் விளங்கியிருக்கும்."

அவ்வளவுதான். இருந்துவிட்டார். அக்கா செபமாலையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இதில் எழுதவில்லை.

தீர்ப்பைச் சொல்கிறேன். திரும்பிப் போகாதது பிழை, அதற்கு ஒரு கிழமை இடம் இல்லை. ஏற்கெனவே இரண்டு கிழமை கயிறு கட்டியிருந்ததால் சங்கம்தான் இப்போது உன் அப்பாவிடம் ஒரு கிழமை கடன்பட்டு நிற்கிறது என்று எமில்ராஜ் சொன்னான். கயிற்றைச் சயந்தனே போய் அவிழ்த்தான். ஏழாம் விதியின் கீழே தலைவர் மூன்று வரி சேர்த்தார். பயம் உள்ளவர் படகில் ஏற முன்னம் கரையில் சொல்லலாம். சொன்னவர் கரையில் நின்று நெருப்பு, தேநீர், போன் பார்க்க வேண்டும், அவரை ஒருவரும் பகிடி பண்ணக் கூடாது. நடுக்கடலில் பயம் வந்தால் படகுக்காரர் அவரைக் கொண்டுவந்து இறக்கலாம், ஆனால் இறக்கிவிட்டுத் திரும்பப் போக வேண்டும். நாற்பத்து மூன்று பேரும் மறுபடி ஒப்பம் வைத்தார்கள். உன் பேராசிரியருக்குச் சொல், புதுத்துறையில் ஒப்பந்தம் திருத்தப்பட்டிருக்கிறது, வேண்டுமென்றால் நான் வந்து விளக்கம் கொடுப்பேன், விமானச் சீட்டும் தடித்த கோட்டும் அனுப்பினால் போதும்.

கரைப் பொறுப்பாளர் என்ற புதுப் பதவியை எனக்குத்தான் தந்தார்கள். ஒரு மாதம் எல்லாப் படகுக்கும் தேநீர் வைக்க வேண்டும் என்பதைத் தண்டனை என்று சிலர் சொல்கிறார்கள், பதவி என்பதுதான் சரி. செவ்வாய்க்கிழமை காற்று எழும்பி, பக்கத்துத் துறைப் படகொன்றைத் தேடப் போக வேண்டி வந்தது. மூன்று பேர் என் அருகில் வந்து, தங்களுக்கு இன்றைக்கு மனம் சரியில்லை, விறகு பிளக்கவா என்று கேட்டார்கள். மூவரும் மலை மாதிரி ஆட்கள். பெயர் சொல்ல மாட்டேன், விதி. மற்றவர்கள் போன வேகம் இருக்கிறதே, முந்தி எல்லாப் படகும் போனபோதுகூட நான் அப்படிக் கண்டதில்லை. பின்னால் யாராவது திரும்பிவிடுவார்களோ என்று ஒருவரும் பார்க்கத் தேவையில்லைத்தானே. தேடிய படகு அரை மணித்தியாலத்தில் கிடைத்தது. என் தேநீர் மூன்று கேத்தில் முடிந்தது.

நேற்று உன் அப்பாவோடு மறுபடி தொழிலுக்குப் போனேன். நான் பின்னுக்கு இருக்கிறேன் என்றேன். அவர் கையால் முன்பக்கத்தைக் காட்டினார். நல்ல கடல், நிறையச் சூடை மீன் பட்டது. கரைக்கு வரும்வரை நான் கூட்டத்தைப் பற்றி, தலைவரைப் பற்றி, உன் பேராசிரியரைப் பற்றி எல்லாம் கதைத்தேன். கதைக்க வேண்டிய ஒன்றை மட்டும் கதைக்கவில்லை. அவர் ம் என்றார், அவ்வளவுதான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் எடு. பரீட்சையைப் பற்றிக் கதை, குளிரைப் பற்றிக் கதை. நடுவில் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, மாமா எப்படி என்று கேள். உனக்குத்தான் அவர் இரண்டு வசனம் சேர்த்துச் சொல்லுவார். என்ன சொன்னாலும் அப்படியே எழுது, நான் சொல்கிற மாதிரி அழகுபடுத்தாதே.

மாதா உன் அப்பாவுக்கு நிறைந்த ஆயுள் கொடுக்கட்டும். போதாமல் வந்தால் என்னுடையதிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கோயிலில் மெழுகுதிரி வைத்திருக்கிறேன். எனக்கு என் உயிர்மேல் எவ்வளவு ஆசை என்று இப்போது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

உன் மாமா,
கனிசியஸ்